ஆறாவது ஆளை யார் எண்ணுவது?

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல மூணு வாரம் இடைவெளி விழுந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க. முதல் வாரம் ஆபீஸ்ல ரிலீஸ். அடுத்த ரெண்டு வாரம் ஊர்ல இருந்தேன். இன்னைக்குப் பேசப்போற விஷயம் அங்க பெரியப்பா வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது.

எங்க ஊர் கச்சிராயபாளையம் பக்கம். கள்ளக்குறிச்சியில இறங்கி டவுன் பஸ் புடிச்சா, கல்வராயன் மலை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிட்டே வரும். கோமுகி அணைக்குப் போறவங்களுக்கு இந்த ரோடு தெரிஞ்சிருக்கும். அரவை சீசன்ல போனீங்கன்னா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் வரிசைக்குப் பின்னாடி பஸ் ஊர்ந்துதான் போகும்.

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல உபதேசியாரா இருக்கார். கத்தோலிக்க ஊர்கள்ல வளர்ந்தவங்களுக்கு அந்த வார்த்தை தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். பங்குச் சாமியார் ஒருத்தர்தான் இருப்பார், அவர் பார்க்க வேண்டிய கிளை ஊர்கள் பத்து இருக்கும். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துறது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தர்றது, நோயாளி வீட்டுக்குப் போறது, புருஷன் பொண்டாட்டி சண்டையில நடுவுல உக்கார்றது, ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது செத்துட்டா முதல்ல போய் நிக்கறது, எல்லாம் உபதேசியார். சம்பளம்னு ஒண்ணு உண்டு. தொகையைச் சொன்னா பெரியப்பா கோவிச்சுக்குவார்.

அவர்கிட்ட ஒரு நீள நோட்டு இருக்கு. யாருக்கு எப்போ ஞானஸ்நானம், எப்போ அடக்கம்னு பேனாவால எழுதி வெச்சிருக்கார். சும்மா புரட்டிட்டே இருந்தேன். 2021 மே மாசம் வந்ததும் கை நின்னுடுச்சு. வழக்கமா ஒரு பக்கத்துல நாலஞ்சு மாசம் அடங்கும். அந்த மே மட்டும் ரெண்டு பக்கம், எல்லாமே அடக்கம். சொந்தக்காரங்களே கிட்ட வரப் பயந்த நாட்கள் அவை. இவர் போயிருக்கார்.

"நீங்க எல்லார் வீட்டுக்கும் போனீங்க பெரியப்பா. நம்ம வீட்டுக்கு யாரு வந்தா?"

"நான்தானேடா உபதேசியார்" அப்படின்னு சிரிச்சார்.

பெரியம்மா சிரிக்கல. அந்த வருஷம் முழுக்க அவர் சரியாத் தூங்கலைங்கிறதை அப்புறம் சமையல்கட்டுல வெச்சு அவங்கதான் சொன்னாங்க. அவருக்கு மேல இருந்தவங்க யாருமே ஒரு வார்த்தை விசாரிக்கலையாம். யாருன்னு இங்க வேண்டாம், அது நம்ம எபிசோடு இல்ல.

ஆனா கேள்வி என்னோடயே வந்துடுச்சு. அடுத்தவங்க மனசைப் பார்த்துக்கறவங்க மனசை யார் பார்த்துக்கறது? இப்போ இதைத் தெரபிஸ்ட்டுக்கும் நர்ஸுக்கும் 'பர்ன் அவுட்'னு பேசறோம். தமிழ்நாட்டுல இந்தக் கேள்வியை முன்னூறு வருஷம் முன்னாடியே யாராவது கேட்டிருக்காங்களான்னு தேடினேன். கேட்டிருக்காங்க. கேட்டவர் பேரும் உங்களுக்குத் தெரியும்.

அதுக்கு முன்னாடி ஊர்ப் பேரைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். கச்சிராயபாளையம்னா கச்சிராயருடைய பாளையம். கச்சிராயர்ங்கிறது இந்தப் பக்கத்துப் பாளையக்காரர்கள் வெச்சிருந்த பட்டம். விருத்தாசலம் பக்கம் முகாசாபரூர்ல இருந்த பாளையக்காரருக்கும் அதே கச்சிராயர் பட்டம்தான். அந்த முகாசாபரூர் கச்சிராயருக்கு வாரிசு இல்லாம இருந்ததாகவும், ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வேண்டிக்கொண்டதும் குழந்தை பிறந்ததாகவும், அதுக்கு நன்றியாகத்தான் பக்கத்துல கோணாங்குப்பத்துல மாதா கோயில் எழும்பியதாகவும் அங்க சொல்லுவாங்க. சேலை கட்டின அந்த மாதாவுக்குப் பேர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மன் பேரும் பெரியநாயகிதான். அந்தச் சாமியார் பேர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர்.

ஸ்கூல்ல நாம படிச்சது என்ன? தேம்பாவணி, சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம். ரெண்டு மார்க் கேள்வி. மெரினாவுல சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெச்சது. அவர் 1727ஐ ஒட்டி எழுதின 'வேதியர் ஒழுக்கம்'ங்கிற உரைநடை நூல் பேரைப் பட்டியல்ல பார்த்திருப்பீங்க, அவ்வளவுதான். நானும் அப்படித்தான். 'வேதியர்'னா பிராமணர்களைப் பத்தின புத்தகம்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். அந்தக் காலத்துக் கத்தோலிக்கத் தமிழ்ல வேதம்னா கிறிஸ்தவ வேதம், வேதியர்னா அதைச் சொல்லித் தர்றவர். அதாவது உபதேசியார். அந்தப் புத்தகம் என் பெரியப்பா மாதிரி ஆளுக்காக எழுதினது!

அப்படி ஒரு புத்தகம் ஏன் தேவைப்பட்டது? இதைப் புரிஞ்சுக்க மதுரை மிஷனோட அமைப்பைப் பார்க்கணும். 1606ல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்ததுல இருந்து அது தொடங்குது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், மறவர் நாடுன்னு பரந்த நிலம். குருக்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரு குரு தூரத்து ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போனா பெரிய விஷயம். மீதி நாட்கள்ல அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் 'சபை'ன்னா அது உபதேசியார் மட்டும்தான். சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறது அவர். ஊர்த் தலைவர்கிட்ட மாட்டிக்கறதும் அவர். 1686ல் மறவர் நாட்டில் அருளானந்தர் பிடிபட்டபோது அவருடன் இருந்த உபதேசியார்களும் சேர்ந்தே சித்திரவதை அனுபவித்தார்கள். அருளானந்தர் 1693ல் ஓரியூரில் கொல்லப்பட்டார், பிறகு புனிதரானார். கூட அடி வாங்கினவங்க பேரைக் கேட்டா நம்மள்ல எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

எங்க ஃபீல்டு பாஷையில சொன்னா, மொத்த சிஸ்டமும் உபதேசியார்ங்கிற ஒரே லேயர் மேல ஓடுது. அந்த லேயருக்கு மெயின்டனன்ஸ் கிடையாது.

சேசு சபைக்காரங்களுக்கு இது புரிஞ்சிருந்தது. அவங்ககிட்ட ஏற்கனவே ஒரு முறை இருந்தது. அவங்க சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் அடிப்படையில ஒரு சிப்பாய். 1521ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்து, படுத்த படுக்கையான நேரத்தில்தான் தன் மனசுக்குள் என்ன நடக்குதுன்னு கவனிக்க ஆரம்பிச்சார். அந்தக் கவனிப்பைப் படிப்படியான பயிற்சியா எழுதினார். அது 1548ல் ரோமில் அச்சானது. முழுசாச் செஞ்சா முப்பது நாள் ஆகும். வேலையில இருக்கறவங்களுக்கு எட்டு நாள் வடிவம். பேச்சைக் குறைச்சு, ஒரு விஷயத்தை மனக்கண்ணால பார்த்து, தன்னைத் தானே விசாரிச்சுக்கறது. பழைய தமிழ்ல இதுக்கு ஆத்தும சோதனைன்னு பேர். இப்படிக் கூடி ஒதுங்கி இருக்கறதுக்கு நம்ம ஊர்க் கத்தோலிக்கத் தமிழ்ல ஓர் அருமையான வார்த்தை உண்டு: ஞான ஒடுக்கம். ஆமை உறுப்புகளை உள்ளே இழுத்துக்கற மாதிரி ஒடுங்கறது. ரிட்ரீட்னு இப்போ மலை ரிசார்ட்ல ஆயிரக்கணக்குல வாங்கறாங்களே, அதைவிட இந்தப் பேர் சரியா இருக்கு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் இருக்கிற ஆவூரில், இந்தப் பயிற்சியைத் தமிழ் உபதேசியார்களைக் கூட்டி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கென்றே 'ஞான முயற்சி' என்று தமிழ் நூலும் இருந்தது. இதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. ஐரோப்பாவுல இந்தப் பயிற்சி பெரும்பாலும் குருக்களுக்கும் படித்த பெரிய மனுஷங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இங்கே, வயலும் குடும்பமுமா இருக்கிற உபதேசியாரைக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாள் ஊரை விடு, உன்னைப் பாரு'ன்னு சொல்லியிருக்காங்க.

அந்தப் பின்னணியிலதான் வேதியர் ஒழுக்கம் வருது. தலைப்பைக் கவனிங்க. அதுக்கு வேதியர் கடமைகள்னோ வேதியர் பணிகள்னோ பேர் வெச்சிருக்கலாம். ஒழுக்கம்னு வெச்சார். தமிழ்ல அந்தச் சொல்லுக்குப் பின்னால திருக்குறள்ல ஒரு முழு அதிகாரமே நிக்குது. குறளின் முதல் இரண்டு பாலை லத்தீனில் மொழிபெயர்த்த மனுஷனுக்கு அது தெரியாம இருக்குமா? ஒழுகுவது, அதாவது வாழ்ந்து நடப்பது. ஜாப் டிஸ்கிரிப்ஷன் எழுதறதை விட்டுட்டு, அந்த வேலையில இருக்கிற ஆள் எப்படி இருக்கணும்னு பேசறார். அடுத்தவன் ஆத்துமத்தைப் பார்க்கப் போறவன் தன் ஆத்துமத்தைப் பார்க்கணும்ங்கிறதுதான் அதோட அடித்தளம்.

இன்னொரு விஷயம், அவர் அதை எந்த மொழியில எழுதினார்ங்கிறது. அந்தக் காலத்துல புலவர்கள் மதிச்சது செய்யுளை. உரைநடைன்னா உரைகளுக்கும் கணக்குக்கும். இவர் உபதேசியார்களுக்காக உரைநடையில எழுதினார், ஆனா கொச்சையா இல்ல. சந்தி பிரிக்காத, நிமிர்ந்த செந்தமிழ். நான் முதல் பக்கத்தைப் படிக்கவே நாலு தடவை மூச்சு வாங்கினேன். ஏன் இவ்வளவு கஷ்டமா எழுதணும்னு கோவமா வந்துச்சு. அப்புறம்தான் தோணுச்சு, அவர் மதிச்ச அளவு அது. இவங்களுக்கு இது போதும்னு இறக்கி எழுதல. ஏலாக்குறிச்சியில், அதாவது அவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஊரில், உபதேசியார்களுக்கு இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். 1730ல் தொன்னூல் விளக்கம் எழுதினார். 3,615 பாட்டுள்ள தேம்பாவணியும் இதே காலத்ததுதான், 1726. ஒரு கிராமத்து உபதேசியார் ஊருக்குப் போய்ப் புலவர்கள், பண்டாரங்கள் முன்னால் வாய் திறக்கும்போது கூசக்கூடாது. மனசுக்கு ஒடுக்கம், நாக்குக்கு இலக்கணம். இந்த ரெண்டையும் சேர்த்து ஒரே ஆளுக்குக் கொடுத்தது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச கதைக்கு வர்றேன். பரமார்த்த குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடர்கள். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையால சோதிச்சுட்டு ஆத்தைக் கடப்பாங்க. கரைக்கு வந்து ஒருத்தன் தலையை எண்ணுவான். ஆறு பேர் வந்தோம், அஞ்சு பேர்தான் இருக்கோம்! யார் எண்ணினாலும் அஞ்சுதான். தன்னை விட்டுட்டு எண்ணினா அப்படித்தானே வரும்? ஆறு ஒருத்தரை விழுங்கிடுச்சுன்னு உக்காந்து அழுவாங்க. கடைசியில ஒரு வழிப்போக்கன் வந்து எண்ணிக் காட்டுவான்.

இதை எழுதினதும் வீரமாமுனிவர்தான். புதுசா வர்ற மிஷனரிகள் பேச்சுத் தமிழ் பழகறதுக்காகக் கூட்டின கதை. அவருக்கு இந்த ரெண்டு நூலையும் சேர்த்துப் படிக்கணும்னு எண்ணம் இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா திண்ணையில அந்த நோட்டோட உக்காந்திருந்தப்போ எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. ஊர்ல ஒவ்வொரு தலையையும் பேனாவால எழுதி வெச்சிருக்கிற ஆள், தன்னை எண்ணல. சின்ன வயசுல முட்டாள்கள் கதைன்னு சிரிச்சோம். அதுல முட்டாள்தனம் ஒண்ணுமில்ல, பொறுப்பா எண்ணற எவனுக்கும் வர்ற வியாதி அது.

சரி, எதிர்க்கட்சியையும் பார்த்துடுவோம். 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். லுத்தரன்கள். அவங்களும் இதே பிரச்சினையில மாட்டினாங்க: ஐரோப்பியர் சில பேர், ஊர்கள் ஏராளம். 1716லேயே உபதேசிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. வீரமாமுனிவருக்கு இவங்களைச் சுத்தமா ஆகாது, கண்டிச்சுப் புத்தகமே எழுதியிருக்கார். ஆனா அவரோட கொடுந்தமிழ் இலக்கணத்தை 1730களின் கடைசியில் அச்சடிச்சது யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். போட்டிக் கம்பெனியோட டாக்குமெண்டேஷன் நல்லா இருந்தா அதையே யூஸ் பண்றதுல தப்பில்லைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

தரங்கம்பாடிக்காரங்க ஒரு விஷயத்துல முன்னால போனாங்க. கடலூரில் பிறந்த ஆறுமுகம் ஆரோன் ஆகி, உபதேசியாராகப் பல வருஷம் உழைச்சு, 1733 டிசம்பர் 28ல் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர். மாயவரம் சுற்றுவட்டாரத்தை அவர் பார்த்துக்கொண்டார். உபதேசியார் மேலே ஏறலாம்னு ஒரு கதவு திறந்தது. ஆனா யாருக்கு?

ராஜநாயக்கன்னு ஒருத்தர். தஞ்சைப் பக்கம் ராணுவத்தில் இருந்தவர், கத்தோலிக்கராக இருந்து, அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படிச்சு லுத்தரனானவர். உபதேசியாரா அவர் பட்ட பாடும் அவருடைய திறமையும் மிஷனரிகளே ஒத்துக்கிட்டது. அவரைப் போதகராக்கலாமாங்கிற பேச்சு வந்தப்போ தடுத்தது சாதி. அவர் பறையர். அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவாங்க, அதனால அந்தச் சடங்கு மேலேயே மரியாதை குறையும்னு மிஷனரிகள் கணக்குப் போட்டாங்க. அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

கத்தோலிக்கப் பக்கமும் ஒழுங்கு கிடையாது. அங்கேயும் யாருக்கு யார் உபதேசிக்கறதுன்னு சாதி பார்த்துத்தான் ஆளைப் பிரிச்சாங்க. எவ்வளவு செந்தமிழ் படிச்சாலும் உபதேசியார் பெரும்பாலும் உபதேசியாராத்தான் இருந்தார். இதைச் சொல்லாம ஆவூர், ஏலாக்குறிச்சியை மட்டும் புகழ்ந்துட்டுப் போனா அது ஏமாத்து வேலை. உன் மனசை நாங்க பார்த்துக்கறோம், உனக்கு எல்லாம் கத்துத் தர்றோம், ஆனா உன் இடம் இதுதான். இன்னைக்கு ஆபீஸ்ல தியான ஆப் இலவசமாக் கொடுத்துட்டு வேலை நேரத்தைத் தொடாம விடறாங்களே, எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. பயிற்சி வேற, அதிகாரம் வேற. முதலாவதைத் தாராளமாக் கொடுத்தாங்க.

ஆனாலும் அந்தப் பயிற்சி வீணாப் போகல. வீரமாமுனிவர் 1747ல் இறந்தார். 1759ல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையை விரட்டியது. 1773ல் போப்பாண்டவர் பதினான்காம் கிளமென்ட் அந்தச் சபையையே கலைச்சுட்டார். பாண்டிச்சேரியைச் சுத்தின எங்க பக்கத்தை 1776ல் பாரிஸ் மிஷன் குருக்கள் ஏத்துக்கிட்டாங்க. தெற்கே மதுரைப் பக்கம் சேசு சபையினர் திரும்ப வந்தது 1838ல்தான். நடுவுல அறுபது வருஷத்துக்கு மேல இடைவெளி. கோவாவிலிருந்து வந்த சில குருக்களைத் தவிர, ஊர் ஊருக்கு ஜெபத்தையும் கல்லறையையும் ஞானஸ்நானத்தையும் காப்பாத்தி வெச்சது உபதேசியார்கள். சர்வர் டவுன். லோக்கல்ல ரெண்டு தலைமுறைக்கு ஓடியிருக்கு. மேலே யாருமே இல்லாதபோது நிக்கறதுக்கான பலம் ஒரு ஆளுக்கு எங்கிருந்து வரும்னு யோசிச்சா, அந்த எட்டு நாள் ஒடுக்கத்துக்கும் ஒழுக்கம்னு பேர் வெச்ச புத்தகத்துக்கும் அதுல பங்கு இருக்குன்னுதான் நான் நம்பறேன். ஆதாரம் காட்டுன்னா திணறுவேன், இது என் அபிப்பிராயம்.

புத்தகங்களும் ஒருவழியாத் தப்பிச்சது. 1816ல் சென்னைக் கல்லூரியைச் சேர்ந்த எல்லிஸ், வீரமாமுனிவர் சுவடிகளைத் தேடிச் சேர்க்கப் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளையை அனுப்பினார். ஊர் ஊரா அலைஞ்ச பிள்ளைதான் பிறகு 1822ல் முனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் தமிழில் எழுதினார். அந்த அலைச்சல் மட்டுமே ஒரு தனி எபிசோடு.

இப்பவும் இந்த வேலை நடக்குது. திண்டிவனத்துல தமிழகக் கத்தோலிக்கர்களுக்கான விவிலிய, மறைக்கல்வி நடுநிலையம் இருக்கு. மதுரையில 1969ல் தொடங்கின தமிழ்நாடு இறையியல் கல்லூரி சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகர்களைப் பழக்குது. கோர்ஸ், சிலபஸ் எல்லாம் நல்லாவே இருக்கு. ஆனா எங்க பெரியப்பா மாதிரி ஓர ஊர் ஆளுக்கு அதெல்லாம் எட்டறது யாராவது ஒருத்தர் ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டாத்தான்.

போன வருஷம் ஒருத்தர் கூப்பிட்டிருக்கார். புதுசா வந்த இளம் சாமியார், என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் பெரியவரா இருப்பார். உபதேசியார்களுக்கு மூணு நாள் ஞான ஒடுக்கம், பஸ் செலவு அவர் பொறுப்பு. பெரியப்பா முதல்ல மாட்டேன்னிருக்கார். இங்க யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா? பெரியம்மாதான் பையில வேட்டியை வெச்சு பஸ் ஏத்தி விட்டிருக்காங்க.

கிளம்பற அன்னைக்கு அவர்கிட்ட கேட்டேன். வேதியர் ஒழுக்கம், இஞ்ஞாசியார், ஆவூர்னு நான் படிச்சதை எல்லாம் கொட்டிட்டு, "அங்க என்னதான் பண்ணீங்க பெரியப்பா, என்ன தியானம் பண்ணீங்க?"ன்னு.

கொஞ்சம் கூச்சமா என்னைப் பார்த்தார்.

"முதல் நாள் முழுக்கத் தூங்கிட்டேன்டா. யாருமே எழுப்பல."